மாமியின் புள்ளிக் கொப்பி

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டுக்குத்தான் குடிபோகிறான். வீடு பெண்ணின் பெயரில் இருக்கும். குசினி மாமியின் ஆட்சியில் இருக்கும். முன் விறாந்தையில் ஒரு கதிரை மருமகனுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும். 2004ஆம் ஆண்டிலிருந்து நானும் அப்படியொரு கதிரையில் இருந்துதான் பாடக்குறிப்பு எழுதி வருகிறேன். அம்பாறைக் கரையோரத்துப் பழைய ஆட்களின் வழக்கப்படி என் மாமி என்னோடு நேருக்கு நேர் பேசமாட்டார். சொல்லவேண்டியது எதுவானாலும் என் மனைவியின் வாய்வழியாகத்தான் வரும். "தேத்தண்ணி ஆறுதாம், உம்மா சொல்றா" என்று அவள் வந்து நிற்பாள். நானும் பதிலை அவ்வாறே அனுப்புவேன்.

மாமியின் வாயில் எரிவு தொடங்கிய செய்தியும் அப்படித்தான் எனக்கு வந்தது. 2020 டிசம்பர் மாதம். கொரோனாவினால் பாடசாலை திறப்பதும் பூட்டுவதுமாக இருந்த நாட்கள். இராச்சோற்றுக்கு மீன் பாலாணம். கொச்சிக்காய்த் தூள் போடாமல், பச்சைக் கொச்சிக்காய் ஒன்றைக் கீறிப் போட்டு, முதற்பாலில் இறக்குவது. சின்னப் பிள்ளைக்கும் ஊட்டக்கூடிய ஆணம். அதை ஒரு வாய் வைத்துவிட்டு மாமி கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். "உறைக்குதாம்" என்று என் மனைவி வந்து சொன்னாள். அவள் முகத்தில் கோபம் இருந்தது. தன் சமையலில் உம்மா குறை பிடிக்கிறா என்று நினைத்துவிட்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மாமிக்கு அப்போது 61 வயது. நாற்பது வருடமாக வெற்றிலை போடுகிறவர். முன்பல் நாலுக்குக் கட்டுப்பல். பிரஷருக்குக் குளிசை எடுக்கிறார். மற்றப்படி வருத்தம் என்று படுத்தறியாதவர். அப்படிப்பட்டவர் ஒவ்வொரு நாளும் அஸர் தொழுகைக்குப் பிறகு விறாந்தைத் திண்ணையில் இருந்துகொண்டு நாக்கை வெளியே நீட்டி முந்தானையால் விசிறத் தொடங்கினார். பேரப்பிள்ளைகள் சிரித்தன. கேட்டால், "கொதிக்கிற தேத்தண்ணியக் குடிச்சி நாக்கு அவிஞ்ச மாதிரி இரிக்கி" என்பார். நாக்கின் நுனி, அதன் இரு ஓரங்கள், மேலண்ணம், கீழுதட்டின் உட்புறம். வாய் காய்ந்து கிடக்கிறதாம். செப்புச் சல்லியை வாயில் போட்டதுபோல ஒரு கசப்பாம். ஆனால் நாக்கைப் பார்த்தால் என் நாக்கைப் போலவே இருந்தது. சிவப்பில்லை, புண்ணில்லை, வெடிப்பில்லை.

முதலில் பழி கட்டுப்பல்லில் விழுந்தது. பல்லைக் கழற்றி ஒரு கிழமை தண்ணீரில் போட்டு வைத்தார். எரிவு போகவில்லை. பரிசாரி, "உடம்புல சூடு" என்று சொல்லி எண்ணெய் தந்தார். மணத்தக்காளிக் கீரை, அகத்திக் கீரை, இளநீர், எருமைத் தயிர் என்று குசினி ஒரு மாதம் குளிர்ச்சியாகவே இருந்தது. தயிர் வாயில் இருக்கும்வரை சுகம், விழுங்கினால் மறுபடி எரிவு. பக்கத்து வீட்டார் கண்ணூறு என்றார்கள். ஓதிய தண்ணீரும் வந்தது. டிஸ்பென்சரியில் வாய்ப்புண் பூச்சு தந்தார்கள். புண்ணே இல்லாத வாயில் புண்ணுக்கு மருந்து பூசிக்கொண்டு மாமி இரண்டு மாதம் இருந்தார்.

வீட்டில் ஒருவரும் உரத்துச் சொல்லாத பயம் ஒன்று இருந்தது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என்று நாற்பது வருடம் மென்ற வாய். நம் நாட்டில் 'மஹரகம' என்று ஊர்ப்பெயரைச் சொன்னாலே போதும், வருத்தத்தின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் வாய்ப்புற்றுநோய்க்கு. பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்டது. இதையெல்லாம் சுகாதாரப் பாடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். வீட்டில் மாமியின் வெற்றிலை வட்டாவைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல எனக்கு நா எழும்பியதில்லை.

ஆகவே பல் வைத்தியர் ஒருவரிடம் கூட்டிப் போனோம். அவர் டோர்ச் அடித்து, கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் அடியையும் விரலால் தடவிப் பார்த்தார். மூன்று விரலை நிமிர்த்தி வாய்க்குள் வைக்க முடிகிறதா என்று பார்த்தார். பாக்கு மெல்லுகிறவர்களுக்குக் கன்னத்தின் உட்தோல் வெளிறித் தடித்து, நாள் போகப் போக வாய் திறக்க முடியாமற் போகும் ஒரு வருத்தம் உண்டு. அதிலும் காரம் பட்டால் எரியும். மாமிக்கு அது இல்லை. புற்றுநோய்க்கு முந்திய வெள்ளைப் படையும் இல்லை, சிவப்புப் படையும் இல்லை. "ஒன்றுமில்லை" என்றார் வைத்தியர். அல்ஹம்துலில்லாஹ் என்றோம். திரும்பி வரும் வழியில் முச்சக்கர வண்டியை நிறுத்தி வட்டிலப்பத்துக்கு முட்டையும் கருப்பட்டியும் வாங்கினோம்.

அந்த 'ஒன்றுமில்லை' எங்களுக்குப் போதுமாக இருந்தது. மாமிக்குப் போதவில்லை. மறுநாள் அஸருக்குப் பிறகு நாக்கு மறுபடி எரிந்தது. இன்னும் இரண்டு வைத்தியர்களைப் பார்த்தோம். அவர்களும் ஒன்றுமில்லை என்றார்கள். ஒருவர், "அம்மாவுக்கு யோசனை கூடுதலோ?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். ஊரில் கதை பரவியது. வேலையில்லாத வருத்தம் என்றார்கள். மருமகனின் சம்பளத்தைக் கரைக்கிற வருத்தம் என்று ஒருத்தி சொன்னதாகவும் கேள்வி.

நான் சொன்னதையும் எழுதிவிட வேண்டும். 2021 கடைசியில் ஒரு இரவு. பரீட்சை விடைத்தாள் ஒரு கட்டுத் திருத்திக் களைத்துப்போய்ப் படுக்கப் போகிறேன். என் மனைவி, "இஞ்சாருங்க, உம்மாக்கு இண்டைக்கும் ஏலாதாம்" என்று தொடங்கினாள். "மூண்டு டாக்டரும் ஒண்டுமில்ல எண்டுட்டாங்க. ஒண்டுமில்லாத வருத்தத்துக்கு நான் எங்க போய் மருந்தெடுக்கிற? உங்கட உம்மாக்கு ஆக்கள் தன்னப் பாக்கோணும், அவ்வளவுதான்" என்று சொன்னேன். எங்கள் அறைக்கும் மாமியின் அறைக்கும் இடையிலுள்ள சுவர் கூரைவரை போவதில்லை. அது எனக்குத் தெரியும்.

அடுத்த நாளிலிருந்து மாமி நாக்கை நீட்டி விசிறுவதை விட்டுவிட்டார். எரிகிறது என்ற பேச்சே வீட்டில் இல்லை. ஒரு மாதம் போயிற்று, மூன்று மாதம் போயிற்று. மாமிக்குச் சுகம் என்று என் மனைவியும் சொன்னாள், நானும் நம்பினேன். ஒரேயொரு விடயம் வித்தியாசமாக இருந்தது. மாமி வுழூச் செய்ய எடுக்கும் நேரம் கூடிக்கொண்டு போனது. தொழுகை நேரமில்லாத நேரத்திலும் கிணற்றடியில் நின்றார். வயதான காலத்தில் வஸ்வாஸ் பிடித்துவிட்டதாக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நோன்பு வந்தது. நாடு இருந்த நிலை எல்லாருக்கும் நினைவிருக்கும். எரிவாயு இல்லை, பெற்றோல் இல்லை, மணிக்கணக்காக மின்வெட்டு. ஒரு இரவு தராவீஹ் முடிந்து இருட்டில் டோர்ச் அடித்துக்கொண்டு வளவுக்குள் வருகிறேன். கிணற்றுக் கட்டில் யாரோ இருப்பது தெரிந்தது. மாமி. இரண்டு கன்னமும் உப்பிப்போய் இருந்தன. வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, அசையாமல் இருந்தார். கால்மாட்டில் வாளி. வெளிச்சம் பட்டதும் கண்ணைத் திறந்தார். தண்ணீரைத் துப்பினார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, பதினெட்டு வருடத்தில் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"நான் பொய் சொல்லல்ல மருமகன்."

எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை. "எத்தின நாளா மாமி?" என்று கேட்டேன். "நிண்டாத்தானே எத்தின நாள் எண்டு சொல்லலாம்" என்றார். பகலில் நோன்போடு தண்ணீரை விழுங்க ஏலாது. வுழூவுக்காக வாய் கொப்பளிக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் நாக்குக்கு ஆறுதல். அதற்காகவே வுழூவை முறித்து முறித்து எடுத்திருக்கிறார். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை நான் நினைவூட்டினேன். "கண்ணுக்குத் தெரியாத வருத்தத்துக்கு நோன்ப விட்டா ஊரு என்ன சொல்லும்?" என்று கேட்டார். அவர் ஊர் என்று சொன்னாலும் நான் என்னைத்தான் கேட்கிறார் என்று விளங்கிக்கொண்டேன்.

அந்த இரவு எனக்கு ஒரு பிள்ளையின் ஞாபகம் வந்தது. சில வருடங்களுக்கு முன்னர் தரம் ஏழில் ஒரு மாணவி அடிக்கடி தலையிடி என்பாள். கணக்குப் பாடம் வந்தால் தலையிடியும் வரும் என்று வகுப்பின் முன்னால் சொல்லி மற்றப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தேன். பிறகு கண் பரிசோதனைக்கு வந்தவர்கள் அவளுக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். அவள் கரும்பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துப் பார்த்துத்தான் தலை இடித்திருக்கிறது. ஆசிரியர் கலாசாலையில் பிள்ளை உளவியல் என்று ஒரு பாடம் இருந்தது. அதில் நல்ல புள்ளி எடுத்தவன் நான்.

பெருநாள் முடிந்ததும் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினேன். வரவு இடாப்புக்குக் கோடு அடிப்பதுபோல அடித்தேன். இடப்பக்கம் திகதி. மேலே சுபஹ், லுஹர், அஸர், மஹ்ரிப், இஷா. கடைசியில் அகலமாக ஒரு நிரல், அன்று என்ன சாப்பிட்டார், என்ன நடந்தது என்று எழுதுவதற்கு. எரிவு துப்புரவாக இல்லையென்றால் பூச்சியம், தாங்க முடியாதென்றால் பத்து. மாமி மூன்றாம் வகுப்புவரை படித்தவர். இலக்கம் எழுதத் தெரியும். "சோதினையில புள்ளி கூடினாச் சந்தோசம். இதுல குறைஞ்சாத்தான் சந்தோசமா?" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்து நாளாகியிருந்தது.

நான்கு கிழமையில் கொப்பி பேசத் தொடங்கியது. சுபஹ் நேரத்தில் ஒன்று அல்லது இரண்டு. லுஹருக்கு நாலு. அஸருக்கு ஆறு. மஹ்ரிபுக்கும் இஷாவுக்கும் எட்டு. ஆனால் நித்திரை கொண்டால் எரிவு அவரை எழுப்புவதில்லை. சோறு மெல்லும்போது புள்ளி இறங்குகிறது. தேசிக்காய், அச்சாறு, தக்காளி, கொதிக்கிற தேத்தண்ணீர், பல் துலக்கும் பற்பசை இவற்றுக்குப் பிறகு ஏறுகிறது. சம்பந்தி வீட்டில் சண்டை நடந்த நாள் ஒன்பது. சின்னப் பேத்தியோடு கொத்தாங்கல் விளையாடிய பின்னேரம் மூன்று. பொய்யாக ஒரு வருத்தத்தைச் சொல்லும் மனிதர் இவ்வளவு ஒழுங்காக, காலையில் இறங்கி மாலையில் ஏறும் ஒரு பொய்யை நாலு கிழமை எழுத முடியாது. திருத்திய விடைத்தாள்களின் அனுபவத்தில் இதைச் சொல்கிறேன்.

அந்தக் கொப்பியோடுதான் ஆகஸ்ட் மாதம் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்குப் போனோம். பெற்றோலுக்குக் கியூஆர் அட்டை வந்த காலம். வாடகைக் கார் பேசக் கட்டவில்லை. கண்டி பஸ்ஸில் இடம் பிடித்தோம். மாமிக்குச் சிங்களம் தெரியாது. வைத்தியர் கேட்டால் தானே பதில் சொல்ல வேண்டும் என்று, அம்பாறையிலிருந்து மஹியங்கனை வரைக்கும் என்னிடம் இரண்டு சொல்லைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தார். "கட்ட தனவா." வாய் எரிகிறது. பதினெட்டு வளைவில் பஸ் ஏறும்போது தலைசுற்றுக்கு முந்தானையை வாயில் பொத்திக்கொண்டிருந்தவர், அதற்குள்ளாலும் அந்த இரண்டு சொல்லை முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

வைத்தியர் ஒரு சிங்களப் பெண்மணி. மாமி தன் இரண்டு சொல்லையும் சொன்னார். வைத்தியர் எங்களுக்கு விளங்கும்படி பாதித் தமிழிலும் பாதிச் சிங்களத்திலும் பேசினார். வாய் முழுவதையும் பார்த்தார். கட்டுப்பல்லைக் கழற்றிப் பார்த்தார். பூஞ்சணம் இருக்கிறதா என்று நாக்கைச் சுரண்டி அனுப்பினார். இரும்புச்சத்து, பீ 12, போலிக்கமிலம், சீனி, தைரொயிட் எல்லாவற்றுக்கும் இரத்தம் எடுக்கச் சொன்னார். பிரஷர் குளிசையின் பெயரைக் கேட்டார். எனலப்ரில் என்றேன். அந்த வகைக் குளிசைகளால் சிலருக்கு வாய் எரிவு வருவதுண்டாம். பிரஷர் கிளினிக்குக்குக் கடிதம் எழுதித் தந்து மாற்றச் சொன்னார். பிறகு என் கொப்பியை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

இரண்டாவது முறை போனபோது முடிவுகள் வந்திருந்தன. இரும்புச்சத்து கொஞ்சம் குறைவு, மற்றதெல்லாம் சரி. குளிசை மாற்றியும் எரிவு மாறவில்லை. இரும்புச்சத்தை ஏற்றி மூன்று மாதத்தில் மறுபடி பார்த்தார்கள். இரத்தம் சரியானது, எரிவு கொஞ்சம்தான் குறைந்தது. அப்போதுதான் வைத்தியர் வருத்தத்தின் பெயரைச் சொன்னார். வாய் எரிவு நோய். வேறு காரணம் எதுவும் அகப்படாமல், வாயில் காணக்கூடிய அடையாளம் எதுவும் இல்லாமல், ஒவ்வொரு நாளும் இரண்டு மணித்தியாலத்துக்குக் கூடுதலாக, மூன்று மாதத்துக்கு மேல் எரிந்தால் அந்தப் பெயர். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கே கூடுதலாக வருகிறது. தொற்றாது. புற்றுநோயாக மாறாது.

அவர் மாமியின் கையைப் பிடித்து, "அம்மா, இது உண்மையான வருத்தம்" என்று தமிழில் சொன்னார். மாமி வைத்தியரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

வைத்தியர் சொன்னதையும் பிறகு நான் தேடிப் படித்ததையும் மாமிக்கு விளங்கும்படி வீட்டில் சொல்லவேண்டியிருந்தது. கொச்சிக்காய் தின்றால் நாக்கு உண்மையில் வேகுவதில்லை. காரத்துக்குக் காரணமான கெப்சைசின் என்ற பொருள் நரம்பு நுனியில் உள்ள ஒரு வாங்கியைத் தட்டுகிறது. 43 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட சூடு தட்டுவதும் அதே வாங்கியைத்தான். அதனால்தான் கொச்சிக்காய் தின்றால் சுட்டதுபோல இருக்கிறது. இதை 1997இல் கண்டு வெளியிட்ட டேவிட் ஜூலியஸ் என்ற விஞ்ஞானிக்கு, ஆர்டெம் பட்டபூட்டியனோடு சேர்த்து 2021இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. வாய் எரிவு உள்ளவர்களின் நாக்கிலிருந்து ஊசிமுனை அளவு சதை எடுத்துப் பார்த்த ஆய்வுகளில் இரண்டு விடயம் தெரிய வந்தது. மேற்தோலில் இருக்கவேண்டிய மெல்லிய நரம்பு நார்கள் குறைந்திருந்தன. எஞ்சிய நார்களில் இந்த வாங்கி கூடியிருந்தது. கொச்சிக்காய் இல்லாமலே கொச்சிக்காய்ச் செய்தி மூளைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

இன்னொரு விளக்கமும் உண்டு. நாக்கின் முன்பகுதியில் சுவையை அறியும் நரம்பு ஒன்று, வலியை அறியும் நரம்பு இன்னொன்று. சுவை நரம்பு வேலை செய்யும்வரை வலி நரம்பை அது அடக்கி வைத்திருக்கும். அது பழுதுபட்டால் வலி நரம்பு கட்டில்லாமல் கத்தத் தொடங்கும் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். "வகுப்பு மொனிட்டர் வராத நாள் பிள்ளைகள் போடுற சத்தம் மாதிரி மாமி" என்றேன். "சோறு திங்கேக்குள்ள மொனிட்டர் வந்திருவார் போல" என்றார் மாமி. சாப்பிடும்போது எரிவு குறைவதற்கு இதைவிட எளிமையான விளக்கத்தை நான் எங்கும் படிக்கவில்லை.

மனதுக்கும் இதில் பங்கில்லை என்று சொல்லமாட்டேன். கவலை எரிவைக் கூட்டுகிறது. எரிவு கவலையைக் கூட்டுகிறது. சண்டை நடந்த நாளின் ஒன்பதே அதற்குச் சாட்சி. மனதைப் பழக்கும் பேச்சுச் சிகிச்சையால் சிலருக்குக் குறைந்தும் இருக்கிறது. ஆனால் கவலை எரிவைக் கூட்டுகிறது என்பது ஒரு பேச்சு, எரிவே இல்லை என்பது வேறு பேச்சு. நான் சுவருக்கு இப்பால் இருந்து சொன்னது இரண்டாவதை.

முற்றாக மாற்றும் மருந்து இதற்கு இல்லை என்று வைத்தியர் ஒளிக்காமல் சொன்னார். உலகில் நடந்த 23 சிகிச்சைப் பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்த கொக்ரேன் ஆய்வு 2016இல் வந்தது. எந்தச் சிகிச்சையையும் உறுதியாகச் சொல்லவோ தள்ளவோ போதிய சான்று இல்லை என்பதே அதன் முடிவு. இருந்தாலும் சிலருக்குச் சிலது உதவுகிறது. மாமிக்குக் குளோனசெபாம் என்ற குளிசையைத் தந்தார்கள். வலிப்புக்கும் பதற்றத்துக்கும் பாவிக்கும் மருந்து. அதை விழுங்காமல் வாயில் கரைத்து, எரியும் இடத்தில் மூன்று நிமிடம் வைத்திருந்து துப்பிவிட வேண்டும். நித்திரை மயக்கம் தரும், பழக்கமாகிவிடவும் கூடும், வயதானவர்கள் விழுந்துவிடலாம். வைத்தியர் அளந்து கொடுத்துக் கண்காணிக்க வேண்டிய மருந்து. அந்த வருடம் மருந்துத் தட்டுப்பாட்டில் எங்கள் பக்கத்துப் பார்மஸிகளில் அது கிடைக்கவில்லை. கண்டியில் ஒரு மாதத்துக்கு வாங்கி வந்தோம். எட்டு ஆறானது.

மிச்சத்தைக் கொப்பி சொல்லிக் கொடுத்தது. நுரை கூடியதும் புதினா மணப்பதுமான பற்பசையை விட்டோம். சோடியம் லோரில் சல்பேட் என்ற நுரைப்பொருள் சேராத பற்பசையைத் தேடி வாங்கினோம். வாய் கொப்பளிக்க வாங்கிய மதுசாரம் கலந்த போத்தலை எறிந்தோம். தேத்தண்ணீர் ஆறிய பிறகே குடிக்கிறார். தேசிக்காயும் அச்சாறும் அவருக்கு இல்லை. அஸருக்கு முன்னர், அதாவது எரிவு ஏற முதல், ஐஸ் துண்டு ஒன்றை வாயில் வைத்துக்கொள்கிறார். சீனி இல்லாத சுவிங்கத்தைப் பேரன் வாங்கிக் கொடுத்தான். மாமி சுவிங்கம் மெல்லுவதைப் பார்க்க அயல் வீட்டுப் பிள்ளைகள் வேலியால் எட்டிப் பார்த்தன. மாலை நேரத்தில் கையையும் மனதையும் ஏதாவது வேலையில் வைத்திருப்பது நல்லதென்று, விட்டுப்போன பன்பாய் இழைப்பைத் திரும்பத் தொடங்கினார். எரிவு கடுமையான நோன்பு நாட்களைப் பிறகு கழாச் செய்கிறார். அதை ஊருக்கு விளக்கும் தேவை தனக்கில்லை என்கிறார்.

வெற்றிலையை விட்டது பெரிய கதை. எரிவுக்கு வெற்றிலை காரணமென்று வைத்தியர் சொல்லவில்லை. "இந்த வாயில் இன்றைக்குப் புற்றுநோய் இல்லை, நாளைக்கும் இல்லாமலிருக்க விடுங்கள்" என்றுதான் கேட்டார். மாமி அன்றோடு விட்டார். நாற்பது வருடப் பழக்கம். முதல் மாதம் வட்டாவைக் கண்ணில் படாமல் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினோம். இப்போது வட்டா வெளியில்தான் இருக்கிறது. வருகிறவர்களுக்கு எடுத்து நீட்டுகிறார், தான் தொடுவதில்லை. நீட்டும்போது ஒரு சொற்பொழிவும் செய்கிறார். அதனால் வெற்றிலைக்கென்று வருகிறவர்களின் தொகை குறைந்துவிட்டது.

மாமி இன்னும் சுகமடையவில்லை. இப்போது நாலாவது கொப்பி நடக்கிறது. குளிசையை வைத்தியர் மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்திவிட்டார். மாலைப் புள்ளி மூன்றிலும் நாலிலும் நிற்கிறது. சில நாள் காரணமில்லாமல் ஏழுக்கு ஏறும். அப்போது திண்ணையில் இருந்து முந்தானையால் விசிறுவார். வீட்டில் யாரும் சிரிப்பதில்லை. என் மனைவி எழுந்துபோய் ஐஸ் எடுத்து வருவாள்.

போன மாதம் ஒரு பின்னேரம் நான் கதிரையில் இருந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மூன்றாம் வளவிலிருந்து ஒரு பெண் வந்தார். ஐம்பது ஐம்பத்தைந்து வயதிருக்கும். என்னைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குசினிப் பக்கமாகப் போனார். உள்ளே குரல் தாழ்த்திப் பேசுவது கேட்டது. தனக்கும் நாக்கு எரிகிறதாம், ஆறு மாதமாம், வீட்டில் ஒருவரும் நம்புகிறார்கள் இல்லையாம். மாமி அவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். புண் இருக்கா? இரண்டு மூன்று கிழமையாக ஆறாத இடம் ஏதும்? வெள்ளையா, சிவப்பா ஏதும் படை? வாய் முழுசாத் திறக்க ஏலுதா? வெத்திலை போடுறியா? "அப்ப மொதல்ல பல் டாக்டருக்கிட்டப் போய் டோர்ச் அடிச்சிப் பாக்கச் சொல்லு. நாளைக்கே போ. அதுக்கு மறுகாதான் மத்தது" என்றார். பிறகு, "காலையில கூடவா, அஸருக்குப் பொறகு கூடவா?" என்று கேட்டார்.

கொஞ்ச நேரத்தில் மாமி விறாந்தைக்கு வந்தார். என் மனைவி வீட்டில்தான் இருந்தாள். மாமி அவளைக் கூப்பிடவில்லை. கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்று சொன்னார்:

"மருமகன், இந்தப் புள்ளைக்கும் ஒரு கொப்பிக்குக் கோடு அடிச்சிக் குடுங்க."

நான் விடைத்தாள்களை ஒரு பக்கம் வைத்துவிட்டு அடிமட்டத்தை எடுத்தேன்.